நாற்சார் வீடா, புது வீடா, வெறுங்காணியா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாடகை வீட்டில் ஒன்பது வருடம் இருந்துவிட்டோம். போன வருடம் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்து, "தம்பி, மகன் வந்து நிக்கப்போறான். ஒரு வருசத்துக்குள்ளை ஒரு இடம் பாரும்" என்றார். நல்ல மனிதர், அவகாசம் தந்துதான் சொன்னார். அன்றிரவே நானும் மனைவியும் கொப்பியைத் திறந்து கணக்குப் போட்டோம். கையிலிருந்த சேமிப்பு, மனைவியின் சீதனக் காணித் துண்டை அவருடைய தம்பிக்கு விற்றால் வரும் காசு, வங்கிக் கடன். மூன்றையும் கூட்டிப் பார்த்தபோது நான்கு வழிகள் தெரிந்தன. நல்லூர்ப் பக்கம் ஒரு பழைய நாற்சார் வீடு. கொக்குவிலில் இரண்டு பரப்பில் கட்டி விற்கும் புது வீடு. கைதடியில் நான்கு பரப்பு வெறுங்காணி வாங்கி நாமே கட்டுவது. பட்டணத்துக்குள் ஒரு தொடர்மாடி வீடு. ஐந்தாவது ஒன்று கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளியூர்க்காரருக்காக ஒரு வரி: எங்களுக்குப் பேர்ச், ஏக்கர் எல்லாம் கடதாசியில்தான், வாயில் பரப்புத்தான். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 2722.5 சதுர அடி. 16 பரப்பு ஓர் ஏக்கர். பழைய உறுதிகளில், அதாவது காணிப் பத்திரங்களில், குழிக் கணக்கும் வரும், 18 குழி ஒரு பரப்பு.

நான் முதலில் போனது வீடு பார்க்க இல்லை, மாமனாருக்குத் தெரிந்த, உறுதி எழுதுகிற ஒரு வயதான நொத்தாரிசிடம். எந்த ஊரில் பார்க்கலாம், என்ன விலை போகிறது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்த கடதாசியிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்: "வீட்டைப் பாத்து ஆசைப்பட்டுப் போட்டு உறுதியோடை வராதையும். உறுதியைக் கொண்டுவாரும். அது சரியெண்டால் போய் வீட்டைப் பாரும்." அந்த நேரம் அது எனக்குத் தலைகீழாகப் பட்டது. நாங்கள் அவர் சொன்னபடி நடக்கவில்லை. நேரே நல்லூருக்குப் போய் ஆசைப்பட்டோம்.

ஆசைப்படாமல் இருக்கவும் முடியாது. நடு முற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் தாழ்வாரம், வழவழவென்று தேய்ந்த மரத் தூண்கள், பத்து அங்குலத்துக்கு மேல் தடித்த சுண்ணாம்புச் சுவர். சித்திரை வெயிலில் வெளியே கண் கூச நின்றுவிட்டு உள்ளே கால் வைத்தால் வேறு ஊருக்கு வந்த மாதிரி. கூரையில் பாதி இல்லை, ஒரு பக்கத்து அறைக்குள் ஆமணக்கு வளர்ந்திருந்தது. ஆனாலும் மனைவி முற்றத்தில் நின்று மேலே பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலத்தில் 25 நாளும் கோயிலைச் சுற்றிய றோட்டுகளை மறித்துவிடுவார்கள், வாகனம் வாசலுக்கு வராது என்று சொல்லிப் பார்த்தேன். "கோயிலுக்கு நடந்து போகலாமே" என்று அதையே ஒரு வசதியாகத் திருப்பிவிட்டார்.

பிறகு உறுதியைக் கேட்டோம். வீடு அந்தக் குடும்பத்துத் தாத்தா பெயரில் இருந்தது. தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள். இருவர் கனடாவில், ஒருவர் இலண்டனில், ஒருவர் ஊரில். கொழும்பிலிருந்த ஐந்தாவது ஆள் இறந்துவிட்டார், அவருக்கு மூன்று பிள்ளைகள். முதுசம் இப்படித்தான் இறங்கும்: நால்வருக்கு ஐந்தில் ஒன்று, கொழும்புப் பிள்ளைகளுக்குப் பதினைந்தில் ஒன்று வீதம். ஏழு கையெழுத்து. அந்த மூவரில் கடைசிப் பிள்ளைக்கு 16 வயது, ஆகவே அந்தப் பங்கை விற்க மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். தரகர் அசரவில்லை. "அண்ணை, ஊரிலை இருக்கிற ஆளின்ரை பங்கையும் கனடாக்காரரின்ரை பங்கையும் இப்ப எழுதுவம். மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றார்.

இந்த "மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்ற வார்த்தையில்தான் இங்கே பல குடும்பங்களின் சேமிப்புப் போயிருக்கிறது. பிரிபடாத பங்கை வாங்குகிறவருக்கு வீட்டில் எந்த அறையும் சொந்தமில்லை. எல்லா அறையிலும் கொஞ்சம் கொஞ்சம் சொந்தம், அவ்வளவுதான். பிரிக்க வேண்டுமென்றால் பங்குபிரிப்பு வழக்கு, அது எத்தனை வருடம் போகும் என்று வக்கீல்மாரே சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். அதற்கு மேல் தேசவழமை. 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த எங்கள் வழமைச் சட்டம் இன்றைக்கும் காணிக் கொடுக்கல் வாங்கலில் உயிரோடு இருக்கிறது. காணி விற்கும்போது முதலில் வாங்கும் உரிமை யாருக்கு என்பதை 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் இரண்டு வகையினருக்குச் சுருக்கி வைத்திருக்கிறது: அதே காணியில் கூடவே பங்குள்ளவர்கள், விற்பவர் எழுதி வைக்காமல் இறந்தால் உரித்தாளராக வரக்கூடியவர்கள். அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் வாங்கினால், "எனக்குச் சொல்லாமல் வித்துப்போட்டார்" என்று ஒருவர் வழக்கோடு வந்து நிற்கலாம். எங்கள் விஷயத்தில் அப்படி வரக்கூடியவர்கள் குறைந்தது நான்கு பேர், இரண்டு கண்டங்களில்.

இன்னொன்றும் அங்கேதான் படித்தோம். கனடாக்காரர் ஒருவர், தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தார், அதைக் காட்டித்தான் தரகர் நெஞ்சை நிமிர்த்தினார். கொடுத்தவர் உயிரோடு இருக்கும் வரைதான் அதற்கு உயிர். அவருக்கு வயது 84. கையெழுத்து வைக்கும் நாளில் அவர் இருக்கிறாரா என்று யார் போன் எடுத்துக் கேட்பது? கேட்பதற்கே கூச்சமாக இருக்கிற கேள்வி, ஆனால் கேட்டே ஆகவேண்டும்.

இதற்கிடையில் ரொறன்ரோவிலிருக்கும் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன், "அந்த வீட்டை விட்டுடாதையுங்கோ, நான் பாதி போடுறன், என்ரை பேரையும் எழுதுங்கோ" என்றார். பாசம்தான். ஆனால் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசைக்கு இங்கே காணி எழுத முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை எடுத்திருந்தால் பிரச்சினையில்லை, அவர் எடுக்கவில்லை. இதைத் தெரியாமல் ஊரிலிருக்கும் உறவினர் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு முகம் பார்க்காமல் திரிகிற அண்ணன் தங்கைகளை எனக்குத் தெரியும்.

உறுதி முடிக்கிற செலவையும் பலர் கணக்கில் வைப்பதில்லை. முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேல் 4 வீதம், அது வாங்குகிறவர் தலையில். இரண்டு கோடிக்கு எழுதினால் 7,99,000 ரூபாய். நொத்தாரிசின் கூலி, நில அளவையாளர், பதிவு எல்லாம் வேறு. நல்லூர் வீட்டின் கூரைக்கு ஒதுக்கி வைத்த காசை இதுவே தின்றுவிடும். வங்கியும் பழைய வீட்டின் சுவரைச் சுவராக மதிக்காது, காணிக்குத்தான் பெறுமதி போடும். ஆக, அழகுக்கு முதலிடம், உறுதிக்கு ஏழாமிடம். மனைவி இரண்டு நாள் என்னோடு அளவாகத்தான் பேசினார்.

சரி, அடுத்தது புது வீடு. கொக்குவிலில் ஒரு தோட்டக்காணி எட்டுப் பரப்பை நான்காகப் பிரித்து, நான்கு வீடு ஒரே அச்சில் கட்டியிருந்தார்கள். வெள்ளைச் சுவர், தரையெல்லாம் மாபிள், குசினியில் கறுப்புக் கல் மேடை, முன்னுக்கு உருளும் கேற். உறுதி சுத்தம், ஒரே ஆள், ஒரே கையெழுத்து. பிரதேச சபையின் அனுமதியும், அந்தப் படத்தின்படிதான் கட்டி முடிந்தது என்ற சான்றிதழும் கேட்டதும் எடுத்துத் தந்தார்கள். நொத்தாரிசு முதல் தடவையாகத் தலையாட்டினார். அப்படியென்றால் வாங்கவேண்டியதுதானே?

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறு கூட மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல்நீருக்கு மேல் ஒரு தட்டு மாதிரி மிதக்கிறது. உப்புத் தண்ணீர் பாரம், நல்ல தண்ணீர் இலேசு, அதனால்தான் இரண்டும் பிரிந்து நிற்கின்றன. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியல்காரர் கணக்கு. அந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டர் போட்டு மேலே ஓர் அடி இறக்கினால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். இதனால்தான் ஆழமாகக் குழாய்க்கிணறு இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்ற வெளியூர் யோசனை இங்கே எடுபடுவதில்லை. சுண்ணாம்புக் கல் வெடிப்பும் பொந்துமாக இருப்பதால், மேலே போடுகிற உரமும் மலக்குழிக் கழிவும் வடிபடாமல் நேரே தண்ணீருக்குள் இறங்கும்.

இப்போது கொக்குவில் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள். இரண்டு பரப்பு என்றால் 5445 சதுர அடி. அங்கே ஒவ்வொரு துண்டும் முகப்பு 45 அடி, நீளம் 121 அடி. எல்லா வீடும் சாத்திரம் பார்த்துக் கட்டியவை. கிணறு ஈசான மூலையில், மலக்குழி வாயு மூலையில். தனி வீடாகப் பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு வீட்டையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். எனது வடகிழக்கு மூலைக் கிணற்றுக்கு மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது? கிழக்கு வீட்டுக்காரரின் வடமேற்கு மூலை, அதாவது அவருடைய மலக்குழி. நான் நாடா பிடித்து அளந்தேன், 12 அடி. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது விடவேண்டும் என்று ஊரில் மேசன்மாரே சொல்வார்கள். சாத்திரம் ஒரு வளவை நினைத்து எழுதியது, எட்டுப் பரப்பை நான்காக வெட்டுவார்கள் என்று யார் கண்டது. மாமி மட்டும், "அவையள் குழியை மாத்தினால் சரிதானே" என்று கடைசி வரை சாத்திரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். எவரும் வீடு வாங்க முதல் செய்யவேண்டியது இது, ஆகும் செலவு ஒரு நாள் சாப்பாட்டுக் காசு. இலங்கைத் தர நியமப்படி குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. எங்கள் போத்தல் அதைத் தாண்டி நின்றது. பழைய தோட்டக்காணி, பத்திருபது வருட உரம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது விளையாட்டல்ல. போத்தல் தண்ணீர் வாங்கிச் சமாளிக்கலாம், சமாளிக்கிறார்கள். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்தபிறகு குழாய்த் தண்ணீர் பற்றிய பேச்சும் மாறியிருக்கிறது. ஆகவே கேள்வியைச் சரியாகக் கேட்கவேண்டும். "குழாய் வருமா" என்று கேட்டால் எல்லாத் தரகரும் வரும் என்பார்கள். "இந்த ஒழுங்கையில் யார் வீட்டில் மீற்றர் இருக்கிறது" என்று கேளுங்கள். மீற்றர் ஓடுகிற ஒழுங்கையில் இதே வீடு இருந்திருந்தால் நான் வாங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இருவரும் வேலைக்குப் போகிற, மேசன் தச்சர் பின்னால் அலைய நேரமில்லாத குடும்பத்துக்கு அதைவிட வசதி இல்லை. கொங்கிறீட் பிளாட் போட்ட கூரை பங்குனி சித்திரையில் இரவு பதினொரு மணி வரை சூட்டைக் கக்கும், அதற்கு மேலே ஒரு தகரப் பந்தல் போடவேண்டி வரும் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் சுன்னாகத்தை யாரும் மறந்திருக்க முடியாது. கிணறுகளில் எண்ணெய் மிதந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அந்தப் பக்கம் மலிவாக ஒரு வீடு வந்தபோது எட்டிப் பார்த்தோம். கிணற்றில் இப்போது ஒன்றும் தெரியவில்லை, பக்கத்து வீட்டுப் பெரியவரும் "இப்ப குடிக்கிறம்" என்றார். மனைவிக்கு மனம் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

கைதடி வேறு கதை. நாவற்குழிப் பாலம் தாண்டிப் போனால் காற்றே மாறிவிடும். வலிகாமத்துச் செம்பாட்டு மண் போய் தென்மராட்சி மணல், மா, பலா, தென்னை. எங்கள் காசுக்கு நான்கு பரப்பு தாராளமாக வரும், கிணற்றையும் குழியையும் எந்த மூலையில் வேண்டுமென்றாலும் வைக்கலாம். உறுதியும் பரவாயில்லை. ஆனால் கடல்நீரேரி பக்கத்தில். வைகாசியில் பக்கத்துக் கிணற்றில் அள்ளிக் குடித்தபோது நாக்கில் மெல்லிய உப்புச் சவர். ஆவணி முடிவில் மறுபடி போய் அள்ளினோம், அப்போது சவர் மெல்லியதாக இல்லை. கிணறு பார்க்கிற மாதம் அதுதான், மழைக்கு முதல், தண்ணீர் ஆக இறங்கி நிற்கும்போது. காணி பார்க்கிற மாதம் கார்த்திகை. 2008 நிஷா புயலுக்கும் 2020 புரெவிக்கும் தண்ணீர் எங்கே வரை நின்றது என்று அயலில் இருக்கிற ஆச்சிமாரைக் கேட்டால் சுவரில் விரல் வைத்துக் காட்டுவார்கள். தரகர் காட்டிய இன்னொரு மலிவுத் துண்டு உண்மையில் வயற்காணி. அதை நிரவி வீடு கட்ட விவசாயச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும், "எல்லாரும் கட்டுகினம்" என்பது அனுமதி ஆகாது.

நாமே கட்டுவதில் இன்னொரு பயம். 2022 பங்குனியில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் வைகாசிக்குள் 360 ஐத் தொட்டபோது, சீமெந்தும் கம்பியும் என்ன பாடுபட்டன என்பது அந்த வருடம் அத்திவாரம் போட்டவர்களுக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீடு இன்னும் யன்னல் மட்டத்தில் நிற்கிறது, உள்ளே ஆடு கட்டியிருக்கிறார்கள். வாடகையும் கட்டி, கடன் வட்டியும் கட்டி, தினமும் மேசனுக்கு முன்னால் நிற்கவும் ஆள் வேண்டும். முப்பது வயதில் என்றால் செய்திருப்பேன். அவசரமில்லாதவருக்கு, தண்ணீர் நல்ல துண்டு கிடைத்தால், நான்கு வழியிலும் மலிவானது இதுதான்.

தொடர்மாடி பற்றி அதிகம் சொல்ல இல்லை. பூட்டிவிட்டு வெளிநாடு போகிறவருக்கும், படலை திறந்து கூட்டிப் பெருக்க முடியாத வயதானவருக்கும் சரி. ஆனால் கட்டடத்தை வீடு வீடாகப் பிரித்துக் காட்டுகிற கூட்டாதன வரைபடம் பதிவாகி உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி எழுதமுடியும் என்று கண்ணால் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். நாங்கள் ஐந்தாம் மாடியில் நின்று பார்த்தபோது கடலும் கோட்டையும் தெரிந்தன. நான் 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதை நினைத்து, மாமியைப் பார்த்தேன், படியைப் பார்த்தேன்.

எட்டாம் மாதம் வாடகை வீட்டுக்காரர் மறுபடி போன் எடுத்தார். கவலையோடு இருந்தபோதுதான் இருபாலையில் ஐந்தாவது வீடு வந்தது. தரகர் மூலம் இல்லை, மனைவியோடு வேலை செய்கிற அக்கா ஒருவர் சொன்னார். மூன்று பரப்பு, 1981 இல் கட்டிய ஓட்டு வீடு, இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னுக்குக் குசினி. பார்த்தவுடன் ஒருவரும் ஆசைப்படமாட்டார்கள். இந்தத் தடவை ஒழுங்காக உறுதியை முதலில் வாங்கிக்கொண்டு போனோம்.

வீட்டுக்காரி கணவரை இழந்தவர், கொழும்பில் மகளோடு இருக்கப் போகிறார். காணி 1979 இல் அவருக்குச் சீதனமாக எழுதியது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இதே காணி கணவர் கலியாணத்துக்குப் பிறகு தன் பெயரில் வாங்கிய தேடியதேட்டமாக இருந்திருந்தால், அவர் இறந்தபோது பாதி மனைவிக்கும் பாதி பிள்ளைகளுக்கும் போயிருக்கும், அம்மா தனியே விற்க முடியாது. சீதனம் என்பதால் முழுதும் அவருடையது. திருமணமான பெண் காணி விற்க வேண்டுமானால் கணவரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்ற விதியும் கணவர் இல்லாததால் இங்கே குறுக்கே வராது. (மனைவி தன் சீதனத் துண்டைத் தம்பிக்கு எழுதும்போது நான் போய்க் கையெழுத்து வைத்தேன். "என்ரை காணிக்கு நீங்கள் சம்மதமோ?" என்று நொத்தாரிசுக்கு முன்னாலேயே கேட்டார். எனக்குப் பதில் இல்லை.) உரித்தாளர்களான இரண்டு பிள்ளைகளும் தங்களுக்கு வாங்கும் எண்ணமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். காணிப் பதிவகத்தில் தோம்பு என்கிற பதிவேட்டைப் பார்த்தோம், 30 வருடத்துக்குப் பின்னோக்கி ஈடு, ஒற்றி, வழக்கு ஒன்றும் இல்லை. 1995 இடப்பெயர்வில் மூல உறுதி தொலைந்துபோனது என்றார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம், பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். பயப்பட வேண்டியது, "உறுதி இல்லை, ஆனா பத்து வருசத்துக்கு மேலை ஆட்சி" என்று தொடங்குகிறவருக்குத்தான். இடம்பெயர்ந்து போய்த் தன் காணிக்கு வழக்குப் போட முடியாமல் இருந்தவரின் உரிமையைக் காப்பாற்றவென்றே 2016 இல் தனிச் சட்டம் கொண்டுவந்த ஊர் இது.

குறைகள் இருந்தன. மேசனைக் கூட்டிப்போய்ச் சுத்தியல் பிடியால் சுவர் முழுக்கத் தட்டச் சொன்னேன். வடக்குச் சுவரில் ஓரிடம் வெறும் பானையில் தட்டிய மாதிரிச் சத்தம். அது ஷெல் பட்டு, உடைந்த கல்லை மாற்றாமல் மேலால் பூசி மறைத்த இடம். குளியலறைக்கு மேலிருந்த சின்னக் கொங்கிறீட் தட்டில் கம்பி கறள் பிடித்து உப்பியிருந்தது, அதை இடிக்கத்தான் வேண்டும். பனஞ்சலாகை இரண்டில் கறையான், மற்றவை இரும்பு மாதிரி. வயரிங் முழுக்க மாற்றம். எல்லாவற்றுக்கும் மேசன் ஒரு தொகை சொன்னார், அதை எழுதிக் காட்டித்தான் விலை பேசினோம். இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கி வந்தோம்.

கிணற்றுத் தண்ணீர் ஆவணியிலும் நன்றாக இருந்தது. கேத்திலில் வெள்ளைப் படை கட்டும், சவர்க்காரம் நுரைக்கக் கொஞ்சம் யோசிக்கும், அது சுண்ணாம்புக் கல் ஊரில் எல்லா வீட்டுக்கும் உள்ளது. நைத்திரேற்று அளவுக்குள். மலக்குழி எதிர் மூலையில், 70 அடிக்கு மேல். அயல் வளவுகளும் துண்டாகாத பெரிய வளவுகள். நாளைக்கு அவர்களும் நான்காக வெட்டலாம்தான், அதற்கு என்ன செய்வது.

உறுதியில் ஒரு வரி மட்டும் மனைவியை யோசிக்க வைத்தது. காணியின் நான்கு எல்லையும் சொல்லி முடித்தபிறகு, "இதிலுள்ள கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் நீங்கலாக" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு பங்கு மேற்கு வீட்டுக்கு. வேலியில் ஒரு சின்னப் பொட்டு, அதற்கூடாக ஒரு ஒற்றையடிப் பாதை, அது நேரே எங்கள் கிணற்றடிக்கு. "ஆக்கள் வந்து போறது சரிவருமோ? காசைக் குடுத்து அந்தப் பங்கையும் வாங்கினால் என்ன?" என்றார் மனைவி. நொத்தாரிசிடம் கேட்டேன். "விக்கமாட்டா. நீரும் கேளாதையும்" என்றார். மேற்கு வீட்டு மாமியை அவருக்கு முன்பே தெரியுமாம்.

குடிபூரலன்று விடியப்புறம் நான்கரை மணிக்குப் போனோம். படலை திறக்கும்போதே கப்பி சத்தம் கேட்டது. கிணற்றடியில் ஒரு வெள்ளைச் சேலை. "பிள்ளை, புது உறுதியிலையும் என்ரை பங்கு எழுதிக் கிடக்கோ?" என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டார். "கிடக்கு மாமி. மூண்டிலை ஒண்டு" என்றேன். "அப்ப சரி. கயிறு பழசு, புதுசு ஒண்டு வாங்கிப் போடும். அதிலையும் மூண்டிலை ஒண்டு நான் தருவன்" என்றார். நாங்கள் பால் காய்ச்சப் பானையை இறக்கி எடுத்து வருவதற்குள் முதல் வாளி வேலிப் பொட்டுக்கு அப்பால் போய்விட்டது.